மருந்துக்குக் கேட்காத கிருமிகளும் நனோத் துணிக்கைகளும்

சலரோகக்காரர் ஒருவருக்குக் காலில் புண் வந்து, கிழமைக் கணக்காக ஆறவில்லை என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் இது அபூர்வமான கதை இல்லை. ஆஸ்பத்திரியில் பஞ்சுக்குச்சியால் சீழைத் தொட்டெடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். இரண்டு மூன்று நாளில் ஒரு தாள் வரும். அதில் மேலிருந்து கீழாக மருந்துகளின் பெயர்கள் இருக்கும்: அமொக்சிசிலின், செஃபுரொக்சிம், சிப்ரோஃபுளொக்சசின், ஜென்டாமைசின், மெரோபெனெம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. ‘எஸ்’ என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கேட்கும். ‘ஆர்’ என்றால் கேட்காது. உலகம் முழுவதும் இப்படியான தாள்களில் ‘ஆர்’ கூடிக்கொண்டு வருகிறது. முதல் நாலைந்து வரியும் ‘ஆர்’ ஆகிவிட்டால், மிஞ்சுவது பெரும்பாலும் ஊசியில் மட்டும் ஏற்றக்கூடிய, விலை கூடிய, சில வேளை சிறுநீரகத்தையே பதம் பார்க்கும் மருந்துகள்தான். அவற்றுக்கும் கேட்காவிட்டால் காலை எடுப்பதா என்ற பேச்சு தொடங்கும்.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்குக் கேட்காத பக்டீரியாக்களால் நேரடியாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2022இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணித்தது. 2025க்கும் 2050க்கும் இடையில் இப்படி இறக்கக்கூடியவர்கள் 3 கோடி 90 இலட்சம் பேர் என்று 2024இல் அதன் தொடர்ச்சியான ஆய்வு சொன்னது. புதிய அன்ரிபயோட்டிக்குகள் வருவதும் குறைந்துவிட்டது. பிளாசோமைசின் என்ற புதிய மருந்துக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நிறுவனம், அடுத்த ஆண்டே வங்குரோத்தானது. நல்ல அன்ரிபயோட்டிக்கைக் கடைசி ஆயுதமாக ஒதுக்கி வைக்கவேண்டும், குறைவாகத்தான் விற்கவேண்டும். அப்படிப்பட்ட சரக்கில் காசு போட யாருக்கும் மனம் வருவதில்லை.

இந்த இடைவெளிக்குள்தான் நனோப் பொருட்கள், அதாவது பக்டீரியாவையும்விடப் பல மடங்கு நுண்ணிய அளவில் செய்யும் பொருட்கள், வருகின்றன. நனோ வெள்ளி, நாக (துத்தநாக) ஒட்சைட்டு, கிராஃபீன் என்ற கரிப் படலம் என்று கிழமைக்கொரு செய்தி, ‘அன்ரிபயோட்டிக் காலம் முடிந்தது’ என்ற தலைப்போடு. என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். இந்தப் பொருட்கள் பக்டீரியாவைக் கொல்வது உண்மை. ஆனால் குளிசையின் இடத்தை அவை பிடிக்கப்போவதில்லை. அவற்றுக்குப் பொருத்தமான இடம் புண்ணின் மேலும், உடம்புக்குள் செருகும் குழாயின் மேலும், மருந்தைச் சுமந்துபோகும் உறையிலும்தான். அங்கேயும் அவற்றை அளந்துதான் பாவிக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் அதற்குத் தனியான காரணம் ஒன்று உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில், கிருமி எப்படி மருந்துக்குக் கேட்காமல் போகிறது? பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார்: அளவு குறைத்து மருந்து எடுத்தால் சாகாத கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று. 1959இல் மெதிசிலின் என்ற அன்ரிபயோட்டிக் வந்தது. 1961இல் அதற்குக் கேட்காத ஸ்டஃபிலோகொக்கஸ் என்ற பக்டீரியா இங்கிலாந்தில் பதிவானது. அவ்வளவுதான் அதற்குத் தேவைப்பட்ட காலம். சில பக்டீரியாக்கள் மருந்து மூலக்கூற்றை வெட்டிப்போடும் நொதியத்தைச் சுரக்கின்றன. சில, உள்ளே வந்த மருந்தைப் பம்பி வெளியே தள்ளுகின்றன. இன்னும் சில, மருந்து பிடிக்கும் இடத்தையே மாற்றி அமைத்துவிடுகின்றன. இந்த வித்தைகளுக்கான பரம்பரை அலகுகள் பிளாஸ்மிட்டு என்ற சின்ன டிஎன்ஏ வளையங்களில் ஏறி ஒரு பக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்து இருப்பதும் சாதாரணம். இந்தச் ‘சேர்ந்து இருப்பது’ என்ற விசயத்தை மறக்கவேண்டாம், பின்னால் தேவைப்படும்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு அட்டை குளிசைக்கு அலைந்த ஊர் யாழ்ப்பாணம். இன்று அதே ஊரில் தடிமன் காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் இரண்டு நாளுக்கு அன்ரிபயோட்டிக் வாங்கி, சுகம் வந்தவுடன் மிச்சத்தை மேசை லாச்சிக்குள் போட்டு வைக்கிறோம். வைரசால் வரும் தடிமனுக்கு அந்த மருந்து ஒன்றும் செய்யாது. குடலில் இருக்கும் பக்டீரியாவுக்குப் பயிற்சி கொடுப்பது மட்டும் நடக்கும். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

சரி, நனோவுக்கு வருவோம். ஒரு நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. சாதாரண பக்டீரியா ஒன்றின் அகலம் ஏறத்தாழ 1000 நனோமீற்றர். கிருமியைக் கொல்லச் செய்யும் வெள்ளித் துணிக்கை பெரும்பாலும் 10 முதல் 50 நனோமீற்றர்வரை இருக்கும். சிறிதாவதால் என்ன லாபம்? மேற்பரப்புத்தான். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனவுருவத்தின் மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே ஒரு நனோமீற்றர் பக்கமுள்ள துண்டுகளாக வெட்டினால் மேற்பரப்புகளின் கூட்டுத்தொகை 6000 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்துக் காணி அளவில் கிட்டத்தட்ட 24 ‘பரப்பு’. இரசாயனத் தாக்கம் மேற்பரப்பில் நடப்பதால், ஒரு சிட்டிகை உலோகத்தைக் கொண்டு பெரிய வேலை செய்யமுடிகிறது.

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது புதிய சங்கதி இல்லை. பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைத்திரேற்றுத் துளி விட்டால் கொனோரியாக் கிருமியால் பார்வை போவதைத் தடுக்கலாம் என்று 1880களின் தொடக்கத்தில் ஜேர்மன் மருத்துவர் கிரெடே காட்டினார். எரிகாயங்களுக்குப் பூசும் வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பு 1968இல் வந்தது. இன்றைக்கும் ஆஸ்பத்திரிகளில் அந்த வெள்ளைக் களிம்பைக் காணலாம்.

நனோ வெள்ளி செய்வதைப் பார்ப்பதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. நிறமில்லாத வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை ஒரு முகவையில் எடுத்து, வேப்பிலை அவித்து வடித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இளஞ்சூட்டில் வைத்தால், கரைசல் முதலில் தேயிலைச் சாயத்தின் முதல் வடி மாதிரி வெளிறிய மஞ்சளாகும். பிறகு தடித்துக் கபிலமாகும். இலைச்சாற்றில் இருக்கும் பொருட்கள் வெள்ளி அயனுக்கு இலத்திரனைக் கொடுத்து அதை உலோக அணுவாக்க, அணுக்கள் சேர்ந்து துணிக்கையாகின்றன. அந்த அளவுள்ள வெள்ளித் துணிக்கை ஊதா, நீல ஒளியை உறிஞ்சுவதால் எங்கள் கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது. இதை ‘பச்சைத் தொகுப்பு’ என்பார்கள். முருங்கை, துளசி, கறிவேப்பிலை என்று கைக்கெட்டிய இலைகளிலெல்லாம் செய்து, உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன.

இந்தத் துணிக்கை பக்டீரியாவை என்ன செய்கிறது? வெளிப்புறத்திலிருந்து வெள்ளி அயன்கள் கசிகின்றன. அவை கந்தகம் உள்ள புரதங்களைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சுவாச நொதியங்கள் முடங்கும். கலமென்சவ்வு ஓட்டை விழுந்து உள்ளே இருப்பது வெளியே ஒழுகும். தாறுமாறாகத் தாக்கும் ஒட்சிசன் வகைகள் உருவாகி டிஎன்ஏயையும் சிதைக்கும். பெனிசிலின் கலச்சுவரைக் கட்டும் வேலையை மட்டும் குழப்புகிறது. வெள்ளி ஒரே நேரத்தில் பல பக்கம் அடிக்கிறது. ஆகவே பக்டீரியாவுக்குத் தப்புவது கடினம் என்பது இந்தத் துறையின் மையமான நம்பிக்கை. நம்பிக்கையில் நியாயம் இருக்கிறது. முழு உண்மையும் அதுதான் என்று மட்டும் எடுக்கக்கூடாது.

வெள்ளியைத் தவிர வேறும் உண்டு. நாக ஒட்சைட்டு மலிவு. தைத்தேனியம் ஈரொட்சைட்டு புற ஊதா ஒளி பட்டால்தான் வேலை செய்யும். ஒளியைக் கொண்டு அதனால் நுண்ணுயிர்களைக் கொல்லலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1985இல் காட்டினார்கள். இந்தத் தைத்தேனியத்தின் மூலக்கனியமான இல்மனைற்று எங்களுக்குக் கிட்டத்தில், புல்மோட்டைக் கடற்கரை மணலில் கிடக்கிறது. அதைப் பெரும்பாலும் மணலாகவே கப்பலேற்றுகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது இரசாயனமே இல்லாத வழி. மாரி தொடங்கும்போது வயல் வரம்புகளில் பறக்கும் தும்பியின் இறகை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கண்ணாடி மாதிரி வழவழப்பாகத் தெரிந்த அந்த இறகில் நனோமீற்றர் அளவிலான தூண்கள் நெருக்கமாக நிற்கும். இப்படியான தூண்கள் பக்டீரியாவைக் கொல்வதை முதலில் அவுஸ்திரேலியாவில் சில்வண்டின் இறகில் கண்டார்கள். அதன் தூண்கள் ஏறத்தாழ 200 நனோமீற்றர் உயரம். அதன்மேல் வந்து இருக்கும் சூடோமோனாஸ் என்ற பிடிவாதமான பக்டீரியாவின் சவ்வு, தூண்களுக்கு இடையில் இழுபட்டுக் கிழிந்துபோகிறது. இறகில் இருக்கும் ஏதாவது பதார்த்தம்தான் கொல்கிறதோ என்ற சந்தேகம் எவருக்கும் வரும். அதைத் தீர்க்க, 2012இல் வந்த அந்த ஆய்வில் இறகுக்கு மெல்லிய தங்கப் பூச்சுப் பூசிப் பார்த்தார்கள். இரசாயனம் மாறியும் பக்டீரியா செத்தது. வடிவம்தான் கொல்கிறது. சில்வண்டின் இறகு சுவர் தடித்த பக்டீரியாக்களிடம் எடுபடவில்லை. தும்பியின் இறகு இரண்டு வகையையும் கொன்றது. அதைப் பார்த்து சிலிக்கனில் அதே மாதிரிப் பரப்புச் செய்தார்கள். செயற்கை மூட்டுகளிலும் பல் உள்வைப்புகளிலும் இப்படியான பரப்புகளைக் கொண்டுவர ஆய்வுகள் நடக்கின்றன. இங்கே மருந்து எதுவும் கசிவதில்லை, எனவே கிணற்றுக்குள் போய்ச்சேரவும் ஒன்றுமில்லை.

இன்னொரு வழி, பழைய மருந்துக்குப் புதிய உறை. கொழுப்பால் ஆன லிப்போசோம் என்ற நுண்ணிய பைக்குள் அமிக்காசின் என்ற பழைய அன்ரிபயோட்டிக்கை அடைத்து, நுரையீரலுக்குள் மூச்சோடு இழுக்கச் செய்யும் மருந்துக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மற்ற மருந்துகளுக்கு மசியாத ஒரு வகை மைக்கோபக்டீரியாத் தொற்றுக்கு அது கொடுக்கப்படுகிறது. ஊசியில் ஏற்றினால் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடிய மருந்தை, தேவையான இடத்துக்கே நேராகக் கொண்டுபோகும் வித்தை இது. நனோ மருத்துவத்தில் உண்மையாகவே நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்தவற்றைக் கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான், வெள்ளியை அல்ல.

வெள்ளிக்குக் கட்டிலருகே என்ன நடந்தது என்று பாருங்கள். செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களுக்குத் தொண்டைவழியே விடும் குழாயில் வெள்ளி பூசிப் பார்த்த பெரிய சோதனையின் முடிவு 2008இல் வந்தது. சாதாரணக் குழாயில் 7.5 சதவீதமானோருக்கு நிமோனியா வந்தது; வெள்ளி பூசியதில் 4.8 சதவீதம். நல்ல பலன். ஆனால் இறப்பு வீதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. சிறுநீர்க் குழாயில் செய்த சோதனையோ ஏமாற்றம். பிரித்தானியாவில் 7102 நோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியான அந்தச் சோதனையில், சாதாரணக் குழாயில் 12.6 சதவீதமானோருக்குத் தொற்று வந்தது, வெள்ளிக் கலப்புப் பூசியதில் 12.5 சதவீதமானோருக்கு வந்தது.

ஆய்வுகூடத் தட்டில் அப்படிக் கொன்ற வெள்ளி உடம்பில் ஏன் சோர்கிறது? உடம்பின் திரவங்களில் குளோரைட்டு நிறைய இருக்கிறது. வெளியே வந்த வெள்ளி அயனை அது பிடித்து, கரையாத வெள்ளிக் குளோரைட்டாக்கிவிடும். சீழிலும் குருதியிலும் இருக்கும் புரதங்கள் மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அத்தோடு வெள்ளித் துணிக்கை அயனைக் கசியவிட ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசன் இல்லாத சூழலில் அதன் கொல்லும் திறன் ஏறக்குறைய மறைந்துவிடுவதை 2012இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. ஆழமான சலரோகப் புண்ணின் அடியில் ஒட்சிசன் குறைவு. போதாததற்கு, அங்கே பக்டீரியாக்கள் தனித்தனியாக இருப்பதில்லை. கூட்டமாகச் சேர்ந்து, தாங்களே சுரந்த பசைக்குள் படலமாக ஒளிந்திருக்கும். தனியாக இருக்கும் பக்டீரியாவைக் கொல்லும் அளவைப்போல பல நூறு மடங்கு மருந்தையும் இந்தப் படலம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் டொக்டர்மார் மருந்தை மாற்றுவதற்கு முன் புண்ணைச் சுரண்டித் துப்புரவாக்குகிறார்கள். எந்த நனோக் கட்டும் அந்த வேலைக்குப் பதிலாகாது.

பக்டீரியா வெள்ளிக்கும் பழகும். 1975இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் பொது ஆஸ்பத்திரியின் எரிகாயப் பிரிவில், வெள்ளி நைத்திரேற்றுக்குக் கேட்காத சல்மொனெல்லா பரவியது பதிவாகியிருக்கிறது. அந்த எதிர்ப்பு ஒரு பிளாஸ்மிட்டில் இருந்தது. அதே பிளாஸ்மிட்டில் அம்பிசிலின், குளோரம்ஃபெனிக்கோல் போன்ற மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்து இருந்தது. அப்படியென்றால், அம்பிசிலினே பாவிக்காத இடத்திலும் வெள்ளியை ஓயாமல் பாவித்தால் அம்பிசிலினுக்குக் கேட்காத கிருமியை நாங்கள் ஊட்டி வளர்க்கலாம். நனோ வெள்ளியைக் காலுறையிலும் குளிர்சாதனப் பெட்டியிலும் போடுவதை நான் எதிர்ப்பதற்கு இது ஒன்றே போதும். உயிருக்குப் போராடுபவருக்கு வைத்திருக்கவேண்டிய ஆயுதத்தை வியர்வை மணத்துக்கா செலவழிப்பது?

நனோ வடிவத்துக்கும் அவை வழி கண்டுபிடித்தன. 2018இல் செக் நாட்டு ஆய்வாளர்கள், ஈ. கோலை என்ற குடல் பக்டீரியாவையும் சூடோமோனாசையும் குறைந்த அளவு நனோ வெள்ளியில் தொடர்ந்து வளர்த்துப் பார்த்தார்கள். பரம்பரை அலகு எதுவும் மாறாமலே அவை தப்பத் தொடங்கின. நீந்த உதவும் சவுக்குமுளைக்கான புரதத்தைக் கூடுதலாகச் சுரந்து வெளியே விட, அது துணிக்கைகளைக் கட்டி கட்டியாகத் திரளவைத்தது. திரண்டால் மேற்பரப்புக் குறையும், 24 பரப்பு சுருங்கிவிடும். இதை முறியடிக்க அந்த ஆய்வாளர்கள் எடுத்தது மாதுளம்பழத் தோலின் சாறு. அது அந்தப் புரதம் சுரப்பதைத் தடுக்க, வெள்ளி மறுபடி வேலை செய்தது. வயிற்றோட்டத்துக்கு மாதுளம் தோல் அவித்துக் குடிக்கும் ஊரில் இதைப் படிக்கச் சந்தோசம் வருவது இயல்பு. ஆனால் அது ஆய்வுகூடக் குடுவைக்குள் கிடைத்த முடிவு. வெள்ளியையும் மாதுளையையும் கலந்து வீட்டில் குடிக்க யாரும் வெளிக்கிட வேண்டாம். வெள்ளியை நெடுநாள் உட்கொண்டால் தோல் நீலச் சாம்பலாக மாறும். பிறகு அது திரும்பாது.

இதே கையோடு பற்பங்களைப் பற்றியும், அதாவது உலோகங்களைப் புடமிட்டு எடுக்கும் சித்த மருந்துப் பொடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துக் கைதடியில் சித்த மருத்துவம் பல்கலைக்கழகப் படிப்பாக இருக்கும் மண்ணில், ‘எங்கள் பற்பங்களே நனோ மருந்துதானே’ என்ற கேள்வி கட்டாயம் வரும். புடமிட்ட பற்பங்களில் நனோ அளவுள்ள துணிக்கைகள் இருக்கலாம். அளவு சிறியது என்பதால் மட்டும் ஒன்று மருந்தாகிவிடாது. எவ்வளவு கொடுப்பது, உடம்பில் எங்கே தங்குகிறது, எப்படி வெளியேறுகிறது என்பதை அளந்து காட்டவேண்டும். வெளிநாட்டுக் கம்பனியின் நனோக் களிம்புக்கும் நான் இதையேதான் கேட்பேன்.

இப்போது நான் முன்பு சொன்ன தனிக் காரணம். யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீர்தான். அந்தக் கல் வெடிப்பும் பொந்துமாக இருப்பதால் மேலே ஊற்றியது வடிகட்டாமலே கீழே போகும். தோட்ட உரத்தின் நைத்திரேற்று கிணறுகளில் ஏறியதைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை இன்னும் ஆறாத வடு. வீட்டுக்கு வீடு மலக்குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. பெரிய நகரங்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் நனோ வெள்ளி பெரும்பாலும் வெள்ளிச் சல்ஃபைட்டாக மாறி அதன் வீரியம் குறைந்துவிடும். எங்கள் மலக்குழியிலிருந்து கல்லுக்குள் இறங்கும் தண்ணீருக்கு அப்படி ஒரு நிலையம் நடுவில் இல்லை. குறைந்த அளவு வெள்ளி, குறைந்த அளவு அன்ரிபயோட்டிக், ஏராளமான குடல் பக்டீரியா எல்லாம் ஒரே தண்ணீரில் சந்தித்தால், அந்தச் செக் ஆய்வுகூடத்தில் நடந்த பயிற்சி இங்கே திறந்தவெளியில் நடக்கலாம். 

ஆகவே இங்கே தேடவேண்டியது கசியாத, உக்கிப்போகும் பொருட்களை. என் கண் போவது நண்டு ஓட்டிலும் இறால் கோதிலும். அவற்றிலிருந்து எடுக்கும் கைற்றின் என்ற பொருளைக் காரத்தில் பதப்படுத்தினால் கைற்றோசான் கிடைக்கும். அது நேர் ஏற்றம் கொண்டது, பக்டீரியாவின் மேற்பரப்பு எதிர் ஏற்றம் கொண்டது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, சவ்வு குலைகிறது. கைற்றோசான் குருதியையும் உறையவைக்கும் என்பதால் காயக் கட்டுகளில் ஏற்கெனவே பாவனையில் இருக்கிறது. அதை நனோத் துணிக்கையாக்கி உள்ளே மருந்தை அடைக்கவும் முடியும். உடம்பிலும் மண்ணிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். குடாநாட்டுக் கடலில் பிடிபடும் நீலக்கால் நண்டைச் சதை எடுத்து ஏற்றுமதி செய்கிறார்கள். ஓடு குப்பைக்குப் போகிறது.

யாழ் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய மருத்துவ பீடம் இருக்கிறது. நனோப் பொருட்களைச் சூரியக் கலங்களுக்காக ஆராய்ந்து பழகிய பௌதிகவியல் துறையும் இருக்கிறது. இந்தத் துறையில் வரும் கட்டுரைகள் பலவற்றில் எனக்குள்ள பெரிய குறை, அவை மருந்துக்கு எளிதில் மடங்கும் நியம பக்டீரியாக்களில் சோதித்து, தட்டில் துணிக்கையைச் சுற்றிக் கிருமி வளராமல் விழுந்த வட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து வெற்றி சொல்வதுதான். அந்த வட்டம், துணிக்கை வளர்ப்பு ஊடகத்துக்குள் எவ்வளவு தூரம் பரவியது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. சோதிக்கவேண்டியது எங்கள் வாட்டுகளில் ‘ஆர்’ வரிசையாக விழுந்த தாள்களுக்குரிய கிருமிகளை, அதுவும் படலமாக வளர்த்து, சீழில் இருக்கும் அளவு உப்பும் புரதமும் சேர்த்து. அதே துணிக்கையைக் கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்புக்கல் தூளிலும் விட்டு, மாதக் கணக்கில் என்னவாகிறது என்று பார்க்கவேண்டும். இந்த இரண்டாவது சோதனையைச் செய்ய யாழ்ப்பாணத்தை விடப் பொருத்தமான ஊர் இலங்கையில் இல்லை.